நைஸ் என்றால் நல்லது மட்டும்தானா?

டீ ஆறுவதற்குள் முடிகிற பேச்சில்லை இது, நிதானமாகக் கேளுங்கள். ஆங்கிலத்தில் ‘நைஸ்’ என்றால் என்ன என்று கேட்டால் பள்ளிப் பிள்ளைகூட ‘நல்ல’, ‘இனிமையான’ என்று சொல்லிவிடும். சரிதான். ஆனால் சட்டம் படித்தவர் ஒருவர் ‘எ நைஸ் டிஸ்டிங்ஷன்’ என்று எழுதினால், அதை ‘நல்ல வித்தியாசம்’ என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வித்தியாசம் மயிரிழை அளவுதான், கூர்ந்து பார்த்தால்தான் பிடிபடும் என்கிறார் அவர்.

இந்தப் பொருள் நமக்குப் புதிதே இல்லை. இட்லிக்கு அரிசி கொஞ்சம் கொரகொரப்பாக இருக்கலாம், உளுந்தை ‘நைஸா அரைக்கணும்’ என்கிறோம். விரலால் தொட்டுப் பார்த்தால் நறநறவென்று எதுவும் தட்டுப்படக் கூடாது, அதுதான் நைஸ். கல்யாண வீட்டில் வேலை வரும் நேரம் பார்த்து ஒருவன் ‘நைஸா நழுவிட்டான்’ என்றால், யார் கண்ணிலும் படாமல் போய்விட்டான் என்று அர்த்தம். இரண்டிலுமே ‘நல்ல’ என்பதற்கு இடமில்லை. அந்த வழக்கறிஞரின் நைஸுக்கு நம் அடுப்படி நைஸ் ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது.

சொல்லின் பூர்வீகம் லத்தீன். ‘நெஸ்கியுஸ்’ என்றால் ஒன்றும் அறியாதவன். அறிதலைக் குறிக்கும் அதே வேரிலிருந்துதான் ‘சயன்ஸ்’ வந்தது. பழைய பிரெஞ்சு வழியாக, 1300 வாக்கில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது ‘நைஸ்’ ஆள் என்றால் அசடு. பிறகு கூச்ச சுபாவம், எதிலும் குறை காண்கிற குணம் என்று நகர்ந்து, நுணுக்கம், துல்லியம் என்ற இடத்தில் நெடுநாள் தங்கியது. 1755இல் சாமுவேல் ஜான்சன் தம் அகராதியில் முதலில் வைத்த பொருளும் இந்தத் துல்லியம்தான். ‘இனிமையான’ என்கிற பொருள் அந்த நூற்றாண்டில்தான் பரவியது. பரவிய வேகம் சிலருக்குப் பிடிக்கவில்லை. 1817 இறுதியில் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் ‘நார்த்தாங்கர் அபி’ நாவலில் கேதரின் தனக்குப் பிடித்த புத்தகத்தை நைஸ் என்கிறாள். நைஸா இல்லையா என்பது பைண்டிங்கைப் பொறுத்தது என்று ஹென்றி சீண்டுகிறான். நாள், நடை, பெண்கள் என எல்லாவற்றுக்கும் இந்த ஒரே சொல்தானா என்கிறான். ஆஸ்டினின் காது அத்தனை கூர்மை.

இன்றைய பேச்சுக்கு வருவோம். நம்மவர்கள் அதிகம் தடுமாறுவது பின்னால் வரும் குட்டிச் சொல்லில். ‘ஷி வாஸ் நைஸ் டு மீ’ என்றால் அவள் என்னிடம் அன்பாக நடந்துகொண்டாள். ‘இட் வாஸ் நைஸ் ஆஃப் யூ டு கம்’ என்றால், நீங்கள் வந்தது உங்கள் நல்ல மனசு. ‘டு’ யாரிடம் என்பதைச் சொல்கிறது. ‘ஆஃப்’ யாருடைய குணம் என்பதைச் சொல்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது ‘நைஸ் அண்ட் வார்ம்’. அறை நன்றாகவும் இருக்கிறது, கதகதப்பாகவும் இருக்கிறது என்று இரண்டாகப் பிரிக்காதீர்கள். இதமான கதகதப்பு என்று ஒரே மூச்சில் படிக்க வேண்டும். ‘தி ரூம் இஸ் நைஸ் அண்ட் வார்ம்’ என்று ‘இஸ்’ போன்ற வினைக்குப் பின்னால்தான் இது பொருந்தி உட்காரும். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்தால் ‘அண்ட்’ உதிர்ந்து, ‘எ நைஸ் வார்ம் ரூம்’ ஆகிவிடும்.

குரலையும் கவனியுங்கள். எல்லாம் குளறுபடியான பிறகு, ‘திஸ் இஸ் எ நைஸ் மெஸ்’ என்று ஒருவர் சொன்னால் அது கோபம். சிரித்துத் தலையாட்டிவிடாதீர்கள்.

ஓர் இடத்தில் மட்டும் இந்தச் சொல்லைத் தவிர்க்கச் சொல்வேன். மாணவருக்கோ உடன் வேலை பார்ப்பவருக்கோ பரிந்துரைக் கடிதம் எழுதும்போது ‘நைஸ் பெர்சன்’ என்று எழுதாதீர்கள். வேறு சொல்ல எதுவும் கிடைக்கவில்லை போலிருக்கிறது என்றே படிப்பவர் நினைப்பார். சொன்ன தேதிக்கு வேலையை முடிப்பவரா, புதிதாகச் சேர்ந்தவருக்குப் பொறுமையாகக் கற்றுக்கொடுப்பவரா, அதை எழுதுங்கள்.