தென்னை உச்சியில் வண்டு... அதன் தொட்டிலோ என் எருக்குழியில்!

பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர். வீட்டுக் கொல்லையில் ஐந்து தென்னை மரங்கள் இருந்தன. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் வீசிய கஜா புயல் மூன்றைச் சாய்த்துவிட்டுப் போனது. மறு வருஷம் என் மகன் பிறந்தபோது, மாமியார் தன் கையாலேயே ஒரு தென்னங்கன்றை நட்டார். "இதுவும் அவனும் சேந்து வளரட்டும்" என்றார். தென்னம்பிள்ளை என்று சும்மாவா சொன்னார்கள்? எங்கள் வீட்டில் அது இன்னொரு பிள்ளைதான்.

மகனுக்கு மூன்று வயது ஆனபோது ஒரு நாள் பார்க்கிறேன், புதிதாக விரிந்த மட்டையில் ஓலைகளை யாரோ கத்தரிக்கோலால் விசிறி மாதிரி வெட்டிவிட்டது போல் இருந்தது! நடுக்குருத்தின் அடியில் ஓர் ஓட்டை. அதன் வாயில் மென்று துப்பிய சக்கை போல நார். தேங்காய் பறிக்க வரும் பெரியவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"காண்டாமிருக வண்டும்மா. குருத்து மூடியிருக்கும்போதே உள்ள பூந்து கடிச்சிருக்கு. ஓலை விரிஞ்சாத்தானே நமக்குத் தெரியும்" என்றார். காகிதத்தை மடித்து வெட்டிப் பிரித்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வருமே, அந்தக் கதைதான். கம்பிக் கொக்கியை ஓட்டைக்குள் விட்டு வண்டைக் குத்தி இழுத்தார். கட்டைவிரல் பருமன், கறுப்பு நிறம், தலையில் ஒரு கொம்பு! பெரிய மரங்கள் இரண்டிலும் ஏறிப் பார்த்தார். அங்கேயும் இருந்தது. விரியாத பாளையையும் அது துளைத்துவிடுவதால் காய்ப்புக் குறைந்துவிடுமாம். கன்றின் நடுக்குருத்தே போய்விட்டால் கன்றே போய்விடும் என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

அன்று மாலை இவர் யாரிடமிருந்தோ ஒரு பழைய குருணை மருந்துப் பொட்டலம் வாங்கி வந்தார். "மட்டை இடுக்குல வச்சாப் போதும்" என்றார். அது போரேட். கடுமையான விஷம். இந்தியாவில் 2020 டிசம்பர் 31 முதல் அதற்குத் தடை. பையன் நாள் முழுதும் அந்தக் கன்றடியில்தான் மண் வைத்து விளையாடுகிறான். "மரம் போனாலும் பரவாயில்ல, இது வேண்டாங்க" என்றேன். இப்படி உங்கள் வீட்டுப் பரணில் ஏதாவது பழைய பூச்சிமருந்து கிடந்தால், கிணற்றடியில் கொட்டாதீர்கள். பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வைத்து, வேளாண்மை அலுவலரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

மறுநாள் பெரியவர் ஒரு கேள்வி கேட்டார். "இது எங்கேந்து வருதுன்னு பாத்தீங்களாம்மா?" நேராக என் எருக்குழிக்குப் போய் மண்வெட்டியால் ஒரு போடு போட்டார். வெள்ளை வெளேரென்று, பழுப்புத் தலையோடு, சுருண்டு படுத்த கொழுத்த புழுக்கள்! சமையலறைக் கழிவும் சாணியும் போட்டு நான் பெருமையாக வளர்த்த குழி அது. பக்கத்தில், உட்கார ஆகுமே என்று விட்டு வைத்திருந்த புயலில் விழுந்த மரத்துண்டு. அதைப் புரட்டினால் உள்ளே மக்கிப்போய், அங்கேயும் புழு. என் மரத்தைத் தின்ற வண்டை நானேதான் வளர்த்திருக்கிறேன்!

வண்டு உச்சியில் தின்கிறது. ஆனால் முட்டை இடுவது மக்கிய எருவிலும் உளுத்த மரத்திலும். முட்டை பொரிக்கச் சுமார் பத்து நாள். பிறகு நாலு மாதம் போலப் புழுவாகவே எருவில் கிடக்கும். அதற்குள் பிடித்தால் மரம் ஏறவே வேண்டாம். இது நம் கைக்கு எட்டுகிற வேலை, சகோதரிகளே!

நாங்கள் செய்தது இதுதான்:

1. குழியை அடி வரை கிளறிப் புழுக்களைப் பொறுக்கிக் கோழிகளுக்குப் போட்டோம். கோழிகளுக்குத் தீபாவளி! இப்போது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கிளறுகிறேன். எருவை வருஷக்கணக்கில் தேங்கவிடுவதில்லை.

2. உளுத்த மரத்துண்டைப் பிளந்து, காயவைத்து எரித்துவிட்டோம்.

3. வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து, பெரிய மரத்துக்கு 150 கிராம் வீதம், உச்சியில் உள்ள மூன்று மட்டைகளின் அடி இடுக்கில் பெரியவரைப் போடச் சொன்னோம். கன்றுக்கு நானே கொஞ்சமாகப் போட்டேன்.

4. ஒரு கிலோ ஆமணக்குப் புண்ணாக்கை 5 லிட்டர் தண்ணீரில் ஊறவைத்துச் சின்னப் பானைகளில் வைத்தால், வாசனைக்கு வண்டு வந்து விழுகிறது. ஆனால் இந்தப் புண்ணாக்கு விஷம். குழந்தைகளும் ஆடு மாடும் போக முடியாத இடத்தில்தான் வைக்க வேண்டும்.

சிலர் மட்டை இடுக்கில் அந்துருண்டை வைப்பார்கள். பலன் உண்டு. ஆனால் மிட்டாய் என்று குழந்தை விழுங்கிவிட்டால் ரத்தத்தின் சிவப்பணுக்கள் அழியும். கைக்குழந்தை உள்ள வீட்டில் வேண்டாமே!

இன்னொரு எச்சரிக்கை. காண்டாமிருக வண்டு குடைந்த காயத்தைத் தேடிச் சிவப்புக் கூன்வண்டு வரும். அதன் புழு தண்டுக்குள்ளேயே தின்னும். தண்டில் ஓட்டையும் பழுப்பு நீர் வடிவதும் தெரிந்தால் தாமதம் கூடாது. உடனே வேளாண்மை அலுவலகத்தில் சொல்லுங்கள். பச்சை மட்டையை வெட்ட நேர்ந்தால் மரத்தை ஒட்டி வெட்டாமல் நாலு அடி விட்டு வெட்டுங்கள்.

பெரிய மரங்கள் அந்த வருஷம் பாதிதான் காய்த்தன. சட்னிக்குக்கூடக் கடையில் தேங்காய் வாங்கினேன். கன்றோ பிழைத்துக்கொண்டது. அடுத்தடுத்து வந்த மட்டைகளில் வெட்டு குறைந்து, பிறகு முழுசாக ஓலை விரிந்தது. மாமியார் அதைத் தடவிப் பார்த்து, "பொழச்சுக்கிட்டான்" என்றார். பேரனைச் சொல்கிற மாதிரியே!

உங்கள் வீட்டிலும் தென்னை இருக்கிறதா? நிமிர்ந்து ஓலையைப் பாருங்கள். அதற்கு முன், குனிந்து எருக்குழியை ஒருமுறை கிளறிப் பாருங்களேன்!