தேரி மணலும் டீசல் வண்டியின் புகை உஷ்ணமும்

திருச்செந்தூருக்கு மேற்கே பரந்து கிடக்கும் குதிரைமொழித் தேரியின் செம்மணலில், நான்கு சக்கரங்களும் இழுக்கும் ஒரு டர்போ டீசல் ஜீப், பின்னால் பாரம் ஏற்றிய டிரெய்லரோடு மேடேறி முடித்த அந்திப் பொழுதில் பானெட்டைத் திறந்து பார்த்தால், சிலிண்டர்களிலிருந்து புகைக்குழாய் கிளம்பும் இடத்து இரும்பு மங்கிய சிவப்பாக ஒளிர்வதைச் சில சமயம் காண நேரிடும்; ஆனால் தண்ணீர் உஷ்ணத்தைக் காட்டும் முள்ளோ நடுவிலேயே அசையாமல் நிற்கும். ரேடியேட்டர் தண்ணீரின் உஷ்ணம் மெதுவாக ஏறி மெதுவாக இறங்குவது. சிலிண்டரை விட்டு வெளியேறும் வாயுவின் உஷ்ணமோ, ஆக்ஸிலேட்டரை அழுத்திய சில விநாடிகளில் நூற்றுக்கணக்கான டிகிரி உயரக் கூடியது. முள் நடுவில் நிற்பதை நம்பி வண்டியை விரட்டுகிறவருக்கு, யந்திரம் படும் வேதனை கடைசி வரையில் தெரிவதில்லை.

ருடால்ஃப் டீசல் 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் தம் யந்திரத்தை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டியபோதே, எரிபொருளின் சக்தியில் பெரும்பகுதி உஷ்ணமாக வெளியேறி விரயமாவதை அறிஞர்கள் உணர்ந்திருந்தனர். அந்த விரயத்தையே வேலை வாங்கும் டர்போ என்ற யுக்திக்கு 1905-இல் காப்புரிமை பெற்றவர் ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த ஆல்ஃபிரட் பூக்கி. வெளியேறும் வாயு ஒரு சிறு விசிறியைச் சுழற்ற, அதே தண்டின் மறுமுனையிலுள்ள விசிறி வெளிக்காற்றை நெருக்கிச் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. இன்றைய வண்டிகளில் இந்தத் தண்டு நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளையும் தாண்டும். டர்போவுக்கு முன்னால் அளக்கும்போது வாயுவின் உஷ்ணம் நெடுநேரம் 700 டிகிரி செல்ஷியஸுக்கு மேல் நிற்பது நல்லதல்ல என்பது அனுபவஸ்தர்களின் கணக்கு. பிஸ்டன் அலுமினியக் கலவையால் ஆனது; அலுமினியமோ 660 டிகிரியில் உருகுவது. அடியிலிருந்து பீச்சப்படும் எண்ணெயும், சுற்றுக்குச் சுற்று உட்புகும் புதுக்காற்றும் குளிர்விப்பதனால்தான் அது பிழைத்திருக்கிறது. அந்தக் காற்றுக் குறைந்தால் பிஸ்டனின் தலை வெடிக்கிறது, டர்போவின் உறை விரிசல் காண்கிறது.

பெட்ரோல் வண்டியில் பழகியவர்கள் ஒரு விஷயத்தை இங்கே மாற்றிக்கொள்ள வேண்டும். பெட்ரோல் யந்திரத்தில் கலவையில் எரிபொருள் குறைந்துபோனால் உஷ்ணம் அதிகரிப்பதுண்டு. டீசலிலோ எரிபொருள் கூடக் கூட உஷ்ணம் கூடுகிறது, காற்று மிகுதியாக இருந்தால் தணிகிறது. ஆகையால் புகை உஷ்ணம் மிஞ்சியதென்றால், கொடுத்த டீசலுக்கு ஏற்ற காற்று உள்ளே போகவில்லை என்றே முதலில் சந்தேகிப்பது நியாயம். வால்குழாயில் கரும்புகையும் சேர்ந்து வந்தால் அந்தச் சந்தேகம் உறுதிப்படுகிறது. பம்பையும் நாசிலையும் கழற்றிச் செலவு வைப்பதற்கு முன், "அண்ணாச்சி, ஏர் ஃபில்டரைப் பார்த்தீங்களா?" என்று கேட்கிற மெக்கானிக்கையே நான் நம்புவேன்.

இந்தக் கடற்கரையில் அந்தக் கேள்விக்குத் தனி மகத்துவம் உண்டு. கோடைக்குப் பின் வீசும் கச்சான் காற்று தேரியின் நுண்மணலைக் கிளப்பிக்கொண்டே இருக்கிறது. முள்ளக்காட்டிலிருந்து ஆறுமுகநேரி வரையிலும், வடக்கே வேப்பலோடைப் பக்கத்திலும் உள்ள உப்பளப் பாதைகளில் உப்பும் ஈரமும் காற்றிலேயே கலந்திருக்கின்றன. ஃபில்டர் அடைபட்டால் டர்போ இழுப்பதற்குக் காற்றில்லை. அதைத் தரையில் தட்டியோ, பலத்த காற்றடித்தோ சுத்தம் செய்யப் போய்க் காகிதம் கிழிந்தாலோ, மணல் உள்ளே புகுந்து விசிறியின் இதழ்களை அரித்துவிடுகிறது, பிறகு ஃபில்டரைப் புதிதாக மாற்றியும் அழுத்தம் திரும்புவதில்லை. அடுத்தது இன்டர்கூலர். நெருக்கப்பட்ட காற்று நூறு டிகிரியையும் தாண்டிச் சூடேறுவதால், அதைக் குளிரச் செய்து அடர்த்தியாக்கிச் சிலிண்டருக்கு அனுப்பும் பொறுப்பு இதனுடையது. துறைமுகச் சாலையின் தூசியும் உப்புப் படிவும் அதன் மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கிடையே இறுகி, நாளடைவில் தகட்டையே பொடியாக்கிவிடுகின்றன. உப்பளத்துக்குள் போய்வரும் வண்டியின் இன்டர்கூலரை அடிக்கடி நல்ல தண்ணீரால், தகடு வளையாதபடி மெதுவான வேகத்தில் கழுவுவதைப் போலப் பயனுள்ள காரியம் வேறில்லை. பின்னர் ரப்பர் ஹோஸ்களையும் கிளிப்புகளையும் பரிசோதிக்க வேண்டும். இணைப்பில் எண்ணெய்க் கசிவின் கறையோ, வேகமெடுக்கையில் சீறும் ஒலியோ இருந்தால் காற்று அங்கே தப்பிப் போகிறது. குறைந்த அழுத்தத்தில் காற்றடைத்துச் சோப்புநீர் தடவினால் குமிழி இடத்தைக் காட்டிவிடும்.

காற்று வழி சுத்தம் என்று தெளிந்த பிறகே எரிபொருள் வழிக்கு வரலாம். ஒழுகும் நாசில், தாமதமாகப் பீச்சும் பம்ப் ஆகியவற்றால் தீ சிலிண்டருக்குள் முடியாமல் புகைக்குழாய் வரை நீள்கிறது. வேகத்துக்கு ஆசைப்பட்டுக் கம்ப்யூட்டரில் ரீமேப் செய்துகொண்ட வண்டிகளில், டர்போ தரக்கூடிய காற்றுக்கு மிஞ்சி டீசலை ஊற்றியிருப்பதே பெரும்பாலும் வியாதி. அதைப் பழையபடி மாற்றுவதே சிகிச்சை. வெளியேறும் வழியில் சைலன்சர் அடைபட்டிருந்தாலும் பலன் ஒன்றுதான்.

யந்திரத்தில் பழுதே இல்லாமல், ஓட்டும் முறையினாலேயே உஷ்ணம் ஏறுவதும் உண்டு. உயர்ந்த கியரில் சுற்றுக் குறைந்திருக்கையில் ஆக்ஸிலேட்டரை முழுதும் அழுத்தினால், டீசல் நிறையப் போகிறது, டர்போவோ இன்னும் வேகம் பிடிக்கவில்லை. மணலில் இறங்குமுன் டயர்களில் காற்றைக் குறைத்து, தாழ்ந்த கியர் வரிசைக்கு மாற்றி, சுற்று தாராளமாக இருக்கும்படி ஓட்டினால் உஷ்ணம் தானே இறங்கும். பின்னாலிருந்து காற்று வீசும் திசையில் மெல்ல ஏறும்போது இன்டர்கூலருக்குக் குளிர்ச்சி கிடைக்காது என்பதையும் கருதி, இடையிடையே நின்று போவது உத்தமம். நின்றவுடன் சாவியைத் திருப்பிவிடாமல், ஓரிரு நிமிஷம் ஐடிலில் ஓடவிட்டால், டர்போவின் தண்டைத் தாங்கும் எண்ணெய் கருகாமல் தப்பும்.

பாரம் இழுக்கும் வண்டிக்கு உஷ்ண மீட்டர் ஒன்றைப் பொருத்துவது ஆடம்பரமல்ல. அதன் உணரி டர்போவுக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் வைத்தால், பாரத்துக்குத் தக்கபடி, நூறு டிகிரிக்கு மேலும் குறைத்துக் காட்டி ஏமாற்றக் கூடும். 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 விதிகளுக்குப் பின் வந்த வண்டிகளில் புகைத்துகள் வடிகட்டி ஒன்றும் சேர்ந்திருக்கிறது. அது நிறைந்ததும் சேர்ந்த கரியை எரித்துத் தீர்ப்பதற்காக, வண்டி தானாகவே அங்கே சுமார் 600 டிகிரி உஷ்ணத்தை உண்டாக்கிக்கொள்ளும். இது பழுதல்ல, இடையில் நிறுத்தாமல் முடியவிடுவதே முறை. ஆனால் அந்த நேரத்தில் பனங்காட்டுக்குள், காய்ந்த ஓலைச் சருகின்மேல் வண்டியை நிறுத்தலாகாது.