தப்பி ஓடியவர்களா, தூது சென்றவர்களா? 1947இல் முற்றுகையைத் தாண்டிப் பறந்த இந்தோனேசியத் தலைவர்கள்

நாடு போரில் இருக்கும்போது அதன் தலைவர் விமானம் ஏறி வெளிநாடு போனால், மக்கள் மனதில் ஒரு கேள்வி எழும். நம்மை விட்டுவிட்டுத் தப்பிப் போகிறாரா? இந்தச் சந்தேகத்தில் தவறில்லை. கஜானாவையும் குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு பறந்துபோன ஆட்சியாளர்களை வரலாறு நிறையவே கண்டிருக்கிறது. ஆனால் வெளியே போனால்தான் நாடு பிழைக்கும் என்ற நிலையும் சில நேரங்களில் வரும். அப்போது உள்ளே இருப்பதைவிட வெளியே போவதில்தான் ஆபத்து அதிகம்.

1947இல் இந்தோனேசியா அப்படி ஒரு நிலையில் இருந்தது. அதன் தலைவர்கள் நம்பிப் பறந்து வந்த நட்பு நாடு இந்தியா. இன்று உலகிலேயே அதிக முஸ்லிம்கள் வாழும் நாடுகளில் முன்வரிசையில் இருக்கும் இந்தோனேசியாவின் விடுதலைக் கதையில், இந்த வான்பயணங்களுக்குத் தனி இடம் உண்டு. நம் பிள்ளைகளின் பாடப் புத்தகங்களில் இது அதிகம் இடம்பெறுவதில்லை. சமூக ஊடகங்களில் வருவதோ பெரும்பாலும் மிகைப்படுத்தப்பட்ட வடிவம்.

முற்றுகைக்குள் ஒரு குடியரசு

1945 ஆகஸ்ட் 17, வெள்ளிக்கிழமை. ஹிஜ்ரி 1364 ரமளான் பிறை 9. அன்று ஜகார்த்தாவில் சுகர்ணோவும் முஹம்மது ஹத்தாவும் இந்தோனேசியாவின் சுதந்திரத்தை அறிவித்தார்கள். ஜப்பான் சரணடைந்து இரண்டு நாட்களே ஆகியிருந்தன. சுகர்ணோ குடியரசுத் தலைவர், ஹத்தா துணைத் தலைவர்.

டச்சுக்காரர்கள் இதை ஏற்கவில்லை. போருக்கு முன் தங்கள் கையில் இருந்த நாடு மீண்டும் தங்களுக்கே என்று படைகளுடன் திரும்பினார்கள். ஜகார்த்தாவில் இருப்பது பாதுகாப்பில்லை என்று ஆனதும், 1946 ஜனவரியில் குடியரசின் தலைநகரம் நடு ஜாவாவில் உள்ள யோக்யகர்த்தாவுக்கு மாறியது.

பேச்சுவார்த்தைகளும் நடந்தன. 1947 மார்ச் 25 அன்று லிங்கர்ஜாத்தி ஒப்பந்தம் கையெழுத்தானது. ஜாவா, சுமத்ரா, மதுரா ஆகிய தீவுகளில் குடியரசின் ஆட்சி நடைமுறையில் இருப்பதை டச்சு அரசு அதில் ஒப்புக்கொண்டது. ஆனால் கடல் டச்சுக் கடற்படையின் பிடியில்தான் இருந்தது. சரக்குக் கப்பல்கள் தடுக்கப்பட்டன. மருந்துக்கும் துணிக்கும் தட்டுப்பாடு.

பொருள் போகாததைவிடப் பெரிய பாதிப்பு, செய்தி போகாதது. இந்தோனேசியாவில் என்ன நடக்கிறது என்பதை உலகம் பெரும்பாலும் டச்சுக்காரர்களின் வாய்வழியாகவே கேட்டது. 'இது எங்கள் உள்நாட்டு விவகாரம், இந்தக் குடியரசு ஜப்பானியர் உருவாக்கிய பொம்மை' என்பதுதான் அவர்கள் சொன்னது. மறுத்துப் பேச ஒரு மேடை வேண்டும். மேடைக்குப் போக வழி வேண்டும். கடல் அடைபட்ட பிறகு மிச்சமிருந்த ஒரே வழி வானம்.

பம்பாயிலிருந்து சென்ற தூதர்

இந்த வான்வழியில் முதலில் ஆட்கள் வந்தது வெளியிலிருந்துதான். இந்தோனேசியாவை ஒரு சுதந்திர நாடாக அங்கீகரிக்குமாறு 1946 நவம்பரில் அரபு லீக் தன் உறுப்பு நாடுகளுக்குப் பரிந்துரைத்தது. அந்தச் செய்தியை யோக்யகர்த்தாவுக்கு நேரில் கொண்டுசேர்க்கும் பொறுப்பு, பம்பாயில் எகிப்தின் தூதரக அதிகாரியாக இருந்த முஹம்மது அப்துல் முன்இமிடம் தரப்பட்டது. அவர் சிங்கப்பூர் வழியாக, முற்றுகையை மீறி, 1947 மார்ச் மாதம் விமானத்தில் யோக்யகர்த்தா போய்ச் சேர்ந்தார்.

அதன் தொடர்ச்சியாக ஹாஜி அகுஸ் சாலிம் கெய்ரோ சென்றார். இளமையில் ஜித்தாவில் உள்ள டச்சுத் தூதரகத்தில் பணியாற்றியவர், பல மொழிகள் கற்றவர், சரேகத் இஸ்லாம் இயக்கத்தின் மூத்த தலைவர். டச்சு அரசின் எதிர்ப்பையும் மீறி, 1947 ஜூன் 10 அன்று எகிப்து இந்தோனேசியாவுடன் நட்புறவு ஒப்பந்தம் செய்துகொண்டது. 'பொம்மை அரசு' என்ற குற்றச்சாட்டுக்கு அதுவே முதல் பெரிய பதில்.

ரமளானில் வந்த தாக்குதல்

ஒப்பந்தத்தின் மை காய்ந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. 1947 ஜூலை 21 அன்று டச்சுப் படைகள் ஜாவாவிலும் சுமத்ராவிலும் பெரும் தாக்குதலைத் தொடங்கின. ஹிஜ்ரி 1366 ரமளான் நோன்பு தொடங்கி ஓரிரு நாட்களே ஆகியிருந்தன. இந்தப் படையெடுப்புக்கு டச்சு அரசு வைத்த பெயர் 'போலீஸ் நடவடிக்கை'. பெயரிலேயே ஒரு தந்திரம் இருந்தது. போர் என்றால் இரண்டு நாடுகளுக்கு இடையே நடப்பது. போலீஸ் நடவடிக்கை என்றால் சொந்த வீட்டுக்குள் நடப்பது. உலகம் இந்தப் பெயரை ஏற்றுவிட்டால், ஐ.நா. சபை தலையிட இடமிருக்காது.

இந்த நேரத்தில்தான் சுதன் ஷஹ்ரிர் வெளியே வரவேண்டியிருந்தது. குடியரசின் முதல் பிரதமர் அவர். தாக்குதலுக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் பதவி விலகியிருந்தார். ஆங்கிலமும் டச்சு மொழியும் சரளமாகப் பேசுவார். அதே ஆண்டு டெல்லியில் நடந்த ஆசிய உறவுகள் மாநாட்டுக்கு வந்து சென்றவர்.

இந்தியாவுக்கும் ஷஹ்ரிருக்கும் அதற்கு முன்பே ஒரு பந்தம் இருந்தது. 1946இல் இந்தியாவில் கடும் உணவுத் தட்டுப்பாடு. அப்போது பிரதமராக இருந்த ஷஹ்ரிர், ஐந்து லட்சம் டன் அரிசி தர முன்வந்தார். பதிலுக்கு இந்தியா துணி முதலிய பொருட்களை அனுப்பும் என்பது ஏற்பாடு. டச்சு முற்றுகையால் முழு அளவும் வந்து சேரவில்லை. ஆனாலும் தானே நெருக்கடியில் இருந்தபோது அரிசி தர முன்வந்த நாட்டை இந்தியா மறக்கவில்லை.

நிராயுதமான ஒரு டகோட்டா

அப்போது இந்தியாவின் இடைக்கால அரசில் வெளியுறவைக் கவனித்துவந்தவர் நேரு. நமக்கே சுதந்திரம் கிடைக்க இன்னும் சில வாரங்கள் இருந்தன. ஷஹ்ரிரை அழைத்துவரும் பொறுப்பை அவர் பிஜு பட்நாயக்கிடம் கொடுத்தார். பிற்காலத்தில் ஒடிசாவின் முதலமைச்சரான அதே பட்நாயக்தான். இரண்டாம் உலகப் போரில் போக்குவரத்து விமானங்களை ஓட்டியவர். விடுதலைப் போராட்டக்காரர்களுக்கு உதவியதற்காக ஆங்கிலேயரால் சிறையில் அடைக்கப்பட்டவர். அப்போது கலிங்கா ஏர்லைன்ஸ் என்ற நிறுவனத்தை நடத்திவந்தார். அவருடைய மனைவி ஞானவதியும் ஒரு விமானி. அவரும் இந்தப் பயணத்தில் உடன் சென்றார். பின்னாளில் தந்தையைப் போலவே முதலமைச்சரான அவர்களுடைய மகன் நவீனுக்கு அப்போது ஒரு வயது நிறையவில்லை.

டகோட்டா என்பது இரண்டு என்ஜின் கொண்ட சரக்கு விமானம். அதில் ஆயுதம் எதுவும் இல்லை. நடு ஜாவாவிலிருந்து சிங்கப்பூர் சுமார் 1,250 கிலோமீட்டர். டகோட்டாவின் வேகத்தில் நான்கு மணி நேரத்துக்கும் மேலான பயணம். டச்சுப் போர் விமானங்களோ ஏறக்குறைய அதைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் பறக்கக்கூடியவை. பார்த்துவிட்டால் ஓடவும் முடியாது, ஒளியவும் முடியாது.

ஷஹ்ரிர் அந்த விமானத்தில் ஏறினார். சிங்கப்பூர் வழியாக ஜூலை 24 அன்று இந்தியா வந்து சேர்ந்தார்.

அந்த ஆண்டு ஹத்தாவும் இந்தியா வந்தார். துணை விமானி உடையில், 'அப்துல்லாஹ்' என்ற பெயரில், பட்நாயக் ஓட்டிய விமானத்திலேயே ரகசியமாக வந்து நேருவையும் காந்தியையும் சந்தித்துத் திரும்பினார். சமூக ஊடகங்களில் வரும் பதிவுகள் இவ்விரு பயணங்களையும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. சில பதிவுகள் சுகர்ணோவையும் அந்த விமானத்தில் ஏற்றிவிடுகின்றன. சுகர்ணோ அப்போது நாட்டைவிட்டு வெளியே வரவில்லை.

விலை கொடுத்தவர்கள்

ஷஹ்ரிர் வந்து ஐந்து நாட்கள் கழித்து, இந்த வான்வழி எவ்வளவு ஆபத்தானது என்று உலகத்துக்குத் தெரிந்தது. ஜூலை 29 அன்று பட்நாயக்குக்குச் சொந்தமான, இந்தியாவில் பதிவான இன்னொரு டகோட்டா சிங்கப்பூரிலிருந்து யோக்யகர்த்தாவுக்குப் புறப்பட்டது. மலாயா செஞ்சிலுவைச் சங்கம் கொடுத்த மருந்துகள் அதில் இருந்தன. அது தரையிறங்கும் நேரத்தில் டச்சுப் போர் விமானங்கள் சுட்டு வீழ்த்தின. விமானத்தில் இருந்தவர்களில் ஒருவர் மட்டுமே உயிர் பிழைத்தார்.

இறந்தவர்களில் அப்துர் ரஹ்மான் ஸாலிஹ் ஒரு மருத்துவர், விமானியும்கூட. அகுஸ்தினுஸ் அதிசுசிப்தோ கத்தோலிக்கர், இந்தோனேசிய விமானப்படையை உருவாக்கியவர்களில் ஒருவர். அதிசுமார்மோ வானொலித் தொடர்பு வல்லுநர். வெவ்வேறு நாடுகளைச் சேர்ந்த விமானப் பணியாளர்களும் அவர்களுடன் இறந்தார்கள். மருந்து கொண்டுவந்தவர்களுக்கே இந்த முடிவு என்றால், தலைவர்களை ஏற்றிவந்த விமானம் அகப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

போனதால் என்ன கிடைத்தது?

ஜூலை 30 அன்று இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் இந்தோனேசியப் பிரச்சினையை ஐ.நா. பாதுகாப்பு சபைக்குக் கொண்டுசென்றன. ஆகஸ்ட் 1 அன்று சபை போர் நிறுத்தம் கோரியது. டெல்லியிலிருந்து ஷஹ்ரிர் அமெரிக்கா சென்றார், அகுஸ் சாலிமும் அவருடன் சேர்ந்துகொண்டார். இந்தோனேசியப் பிரதிநிதியைச் சபையில் அனுமதிக்கவே கூடாது என்று டச்சுத் தரப்பு வாதிட்டது. அந்த வாதம் எடுபடவில்லை. ஆகஸ்ட் 14 அன்று ஷஹ்ரிர் பாதுகாப்பு சபையில் பேசினார். டச்சுப் படைகள் பழைய நிலைகளுக்குத் திரும்ப வேண்டும், நடுநிலையானவர்கள் விசாரிக்க வேண்டும் என்பன அவருடைய கோரிக்கைகள்.

கோரிக்கைகள் அனைத்தும் உடனே நிறைவேறவில்லை. ஆனால் 'உள்நாட்டு விவகாரம்' என்ற கதை அன்றோடு உடைந்தது. உள்நாட்டு விவகாரமாக இருந்தால், உலக சபையில் டச்சுத் தூதருக்கு எதிரே ஓர் இந்தோனேசியர் அமர்ந்து பேசுவது எப்படி?

அடுத்த ஆண்டு இதன் மதிப்பு இன்னும் தெளிவானது. 1948 டிசம்பர் 19 அன்று டச்சுப் படைகள் யோக்யகர்த்தாவையே பிடித்தன. அதற்குச் சற்று முன் சுகர்ணோ இந்தியா வருவதாக இருந்தது. விமானத்துக்கு டச்சு அனுமதி கிடைக்காததால் பயணம் நடக்கவில்லை. சுகர்ணோ, ஹத்தா, ஷஹ்ரிர், சாலிம் அனைவரும் கைதானார்கள். ஆனால் கைதாவதற்கு முன் இரண்டு ஏற்பாடுகளைச் செய்துவிட்டார்கள். சுமத்ராவில் ஷஃப்ருத்தீன் பிரவிரநெகராவை அவசர அரசு அமைக்கச் சொன்னார்கள். அது முடியாமல் போனால், டெல்லியில் இருந்த அமைச்சர் மராமிஸ் வெளிநாட்டில் அரசு அமைக்க வேண்டும். தலைவர்கள் சிறைக்குள், குடியரசு சிறைக்கு வெளியே! முன்பே நட்பு தேடி வைத்ததன் பலன் இது.

1949 ஜனவரியில் நேரு டெல்லியில் இந்தோனேசியாவுக்காகவே ஒரு மாநாட்டைக் கூட்டினார். இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, பர்மா ஆகியவை டச்சுப் போக்குவரத்துக்குத் தங்கள் வான்வழிகளையும் துறைமுகங்களையும் கட்டுப்படுத்தின. முற்றுகையிட்டவர்களுக்கே வழி அடைபட்டது. 1949 டிசம்பர் 27 அன்று டச்சு அரசு ஆட்சியுரிமையை ஒப்படைத்தது. அடுத்த மாதம் இந்தியாவின் முதல் குடியரசு தின விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக வந்தவர் சுகர்ணோ.

எப்படி எடைபோடுவது?

போர்க்காலத்தில் ஒரு தலைவர் நாட்டைவிட்டுப் பறந்தால், அது தூதா, தப்பித்தலா என்று அறிய மூன்று கேள்விகள் போதும். எதை எடுத்துக்கொண்டு போனார்? போன இடத்தில் யாருக்காகப் பேசினார்? ஆபத்து தீர்வதற்கு முன்பே திரும்பி வந்தாரா?

ஷஹ்ரிரும் ஹத்தாவும் நாட்டின் வழக்கை எடுத்துக்கொண்டு போனார்கள். அதையே பேசினார்கள். போர் முடியும் முன்பே திரும்பினார்கள், திரும்பியதால்தான் 1948இல் சிறைப்பட்டார்கள். வெளியே பாதுகாப்பாக இருந்துவிட அவர்களுக்கு வாய்ப்பு இருந்தது.

ஷஹ்ரிரின் முடிவு வேதனையானது. அவர் உருவாக்கிய குடியரசே 1962இல் அவரைச் சிறையில் அடைத்தது. சிகிச்சைக்காக அனுப்பப்பட்ட ஸுரிச் நகரில் 1966இல் இறந்தார். அதன் பிறகே தேசிய வீரர் என்று அறிவித்தார்கள். பட்நாயக்குக்கு 1995இல் இந்தோனேசியா தன் உயரிய விருதுகளில் ஒன்றை வழங்கியது.

சுட்டு வீழ்த்தப்பட்ட விமானத்தில் இறந்தவர்களை அந்த நாடு வேறு விதமாக நினைவில் வைத்திருக்கிறது. யோக்யகர்த்தாவில் அதிசுசிப்தோ, சோலோவில் அதிசுமார்மோ, மாலாங்கில் அப்துர் ரஹ்மான் ஸாலிஹ் என்று விமான நிலையங்களுக்கு அவர்கள் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். வணிகத்துக்காகவோ சுற்றுலாவுக்காகவோ நம் குடும்பங்களில் எவரேனும் அங்கே இறங்கினால், அந்தப் பலகையைப் பிள்ளைகளுக்குக் காட்டி, அது யார் பெயர் என்று சொல்லிக் கொடுங்கள்.