வாலைப் பிடித்தால் சொல் வரும்

போன வாரம் குறுக்கெழுத்துக் கட்டங்களுக்குள் சுற்றினோம். இந்த வாரம் கட்டமே கிடையாது. ஒன்பது எழுத்து, முப்பது விநாடி, அவ்வளவுதான்.

சி, என், டீ, ஓ, இ, ஏ, டி, யூ, ஐ.

(நீட்டிய டீ, டீச்சரின் முதலெழுத்து. குறுகிய டி, டாக்டரின் முதலெழுத்து. ஆங்கில எழுத்தைத் தமிழில் அச்சடித்தால் இந்தத் தகராறு இருக்கத்தான் செய்யும்.) ஒவ்வோர் எழுத்தையும் ஒரு முறைதான் எடுக்கலாம். எவ்வளவு நீளமான ஆங்கிலச் சொல்லைச் செய்வீர்கள்? மேலே படிக்காமல் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

பிரிட்டனில் இதையே பிழைப்பாக வைத்து ஓடும் தொலைக்காட்சி நிகழ்ச்சி 'கவுன்ட்டவுன்'. 1982 நவம்பர் 2 அன்று சேனல் 4 பிறந்தபோது அதில் முதலில் வந்த நிகழ்ச்சியே அதுதான். சரக்கு பிரான்ஸிலிருந்து வந்தது. அர்மான் ழாமோ 1965-இல் அங்கே தொடங்கிய விளையாட்டு. உயிரெழுத்து வேண்டும், மெய்யெழுத்து வேண்டும் என்று போட்டியாளர் கேட்கக் கேட்க, பலகையில் எழுத்துகள் ஏறும். ஒன்பது சேர்ந்ததும் பெரிய கடிகாரத்தின் முள் அரை வட்டம் இறங்கும். எழுத்துக்கு ஒரு புள்ளி. ஆனால் ஒன்பதையும் பயன்படுத்திவிட்டால் 9 இல்லை, 18. சொல் செல்லுமா செல்லாதா என்று தீர்ப்புச் சொல்ல ஓரத்தில் அகராதியோடு ஒருவர் இருப்பார். 1992-இல் அங்கே வந்து உட்கார்ந்த சூசி டென்ட் இன்று பிரிட்டனில் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயர்.

புதிதாக ஆடுகிறவர் முதலெழுத்தைத் தேடுவார். சி-யில் என்ன, டி-யில் என்ன என்று மனசுக்குள் அகராதியைப் புரட்டுவார். 'டான்ஸ்' வரும், நேரம் இருந்தால் 'ஆக்டட்' வரும். அதற்குள் முள் கீழே வந்துவிடும். பழகியவர் முன்பக்கம் போகவே மாட்டார். வாலைத்தான் பார்ப்பார். ஆங்கிலத்தின் நீளச் சொற்கள் தொடங்கும் விதம் எண்ணிலடங்காது. முடியும் விதமோ கொஞ்சம்தான். ஐ-என்-ஜி, இ-டி, இ-ஆர், டீ-ஐ-ஓ-என், ஐ-இ-எஸ்-டீ என்று ஒரு கைப்பிடிக்குள் பாதிக்கு மேல் அடங்கிவிடும் என்பது என் கணிப்பு.

நம் ஒன்பதில் டீ-ஐ-ஓ-என் இருக்கிறது. அதை வலப்பக்கம் ஒதுக்குங்கள். மிச்சம் சி, இ, ஏ, டி, யூ. ஒன்பதைக் கலைப்பதைவிட ஐந்தைக் கலைப்பது எவ்வளவோ சுலபம். இ-டி-யூ-சி-ஏ. 'எஜுகேஷன்'!

அத்தோடு நிறுத்த வேண்டாம். கலைத்துவிட்டு இப்போது இ-டி என்ற வாலை ஒதுக்குங்கள். மிச்சமுள்ள ஏழில் எச்சரிக்கும் 'காஷன்' இருக்கிறது, ஏலம் போடும் 'ஆக்‌ஷன்' இருக்கிறது. ஒதுக்கிய வாலை ஒட்டினால் இரண்டுமே ஒன்பதெழுத்து. படித்தவர், எச்சரிக்கை வாங்கியவர், ஏலத்தில் போனவர் மூவரும் ஒரே எழுத்துக் குடும்பம்!

வாலின் பலத்தை நன்றாக அறிந்தவர் ஸ்கிராபிளை உருவாக்கிய ஆல்ஃபிரட் பட்ஸ். அமெரிக்கர், 1930-களின் பொருளாதார மந்தத்தில் வேலை போன கட்டடக் கலைஞர். செய்தித்தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று கையாலேயே எண்ணினார். அதை வைத்துத்தான் 100 வில்லைகளில் இ-க்கு 12 கொடுத்தார். எஸ்-க்கு மட்டும் கணக்கை மீறி நான்கோடு நிறுத்திவிட்டார். தாராளமாக விட்டால் அடுத்தவர் போட்ட சொல்லுக்கெல்லாம் பன்மை வால் ஒட்டியே ஆட்டத்தை முடித்துவிடுவார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ஸ்கிராபிள்காரர்களிடம் இன்னொரு பழக்கம் உண்டு. கையில் வந்த வில்லைகளை அகர வரிசையில் அடுக்கிக்கொள்வார்கள். மேலே சொன்ன மூன்று சொற்களில் எதை அப்படி அடுக்கினாலும் ஏ, சி, டி, இ, ஐ, என், ஓ, டீ, யூ என்றே வரும். கணினியும் இதைத்தான் செய்கிறது. ஒன்பது வெவ்வேறு எழுத்துகளை 3,62,880 விதமாக மாற்றி அமைக்கலாம். அத்தனையையும் அகராதியோடு ஒப்பிட்டுப் பார்ப்பது முட்டாள் உழைப்பு. ஜான் பென்ட்லி 1986-இல் வெளியிட்ட 'புரோகிராமிங் பேர்ல்ஸ்' நூலில் இதற்கு ஓர் அழகான வழி இருக்கிறது: அகராதியின் ஒவ்வொரு சொல்லுக்கும் அதன் எழுத்துகளை அடுக்கி, அதையே அந்தச் சொல்லின் கையொப்பமாக வை; பிறகு கையொப்பங்களை வரிசைப்படுத்து. ஒரே கையொப்பக்காரர்கள் தாமாகவே பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்பார்கள். நிரல் எழுதுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு, நமக்கு ஏன் தோன்றவில்லை என்று நொந்துகொள்வது வழக்கம்.

இந்த எழுத்துகள் இருக்க வேண்டும், கூட வேறெதுவும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று கேட்டால் அடுக்கல் மட்டும் போதாது. சலிக்க வேண்டும். பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன் எழுதிய 'கிரெப்' என்ற குட்டி நிரல் ஒரு நல்ல சல்லடை. கேட்ட எழுத்து உள்ள வரிகளை மட்டும் எடுத்துக் கொடுக்கும். ஆளே உட்கார்ந்து தேடுவதானால் அரிய எழுத்திலிருந்து தொடங்குவதுதான் சாமர்த்தியம். எக்ஸ், ஒய், இசட் மூன்றும் இதே வரிசையில் ஒட்டி வரும் நீளச் சொல் வேண்டுமா? இசட்டைப் பிடியுங்கள். சாதாரணப் பேச்சில் சிக்காது. மருந்துக் கடைக்குப் போக வேண்டும். அரிப்புக்குக் கொடுக்கும் 'ஹைட்ராக்ஸிஸின்': ஹெச்-ஒய்-டி-ஆர்-ஓ-எக்ஸ்-ஒய்-இசட்-ஐ-என்-இ. வேதியியல்காரர்கள் துண்டுகளை ஒட்டியே பெயர் வைப்பவர்கள். ஒரு துண்டு ஒய்யில் முடிய, அடுத்தது இசட்டில் தொடங்க, ஒட்டிய மூட்டில் இந்த அதிசயம் தானாக விழுந்திருக்கிறது.

இதற்கெல்லாம் ஆங்கிலப் புலமை வேண்டுமே என்று நினைத்தால், நைஜல் ரிச்சர்ட்ஸைப் பாருங்கள். நியூசிலாந்துக்காரர். பிரெஞ்சு பேசத் தெரியாது. சொற்பட்டியலைச் சில வாரங்களில் மனப்பாடம் செய்துகொண்டு போய், 2015-இல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் பட்டத்தையே தட்டிவந்தார். 2024-இல் ஸ்பானிய மொழியிலும் அதே கூத்து. எனக்கு இது வியப்பாகவும் இருக்கிறது, கொஞ்சம் எரிச்சலாகவும் இருக்கிறது.

இந்த வாரப் பயிற்சி: எல், ஜி, டீ, இ, ஏ, ஐ, ஆர், என். எட்டையும் தலா ஒரு முறை பயன்படுத்தி ஐந்து சொற்கள் சொல்லுங்கள். மூன்று ஐ-என்-ஜி-யில் முடியும். மற்ற இரண்டும் கணக்கு வகுப்பில் எல்லாரும் கேட்டவை. கூட ஓர் எஸ் தந்தால் இன்னொரு புதுச் சொல்லும் வரும், ஆனால் அதன் வால் வேறு. விடை அடுத்த வாரம்.