7,700-க்கு ஒரு நர்சு!

2025-ல் ரீல்ஸில் வந்து ஊருக்கே தெரிந்துபோன அதே கூமாப்பட்டிதான் சார் எங்க ஊர்! 2015-ல் நர்சிங் முடித்த என் தங்கை கையில் ரெண்டு ஆர்டர். சென்னையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி, சம்பளம் பதினஞ்சாயிரம். ஆனால் ஒரிஜினல் சர்டிபிகேட் அவங்க பீரோவில் இருக்கணுமாம். இன்னொன்று, எம்.ஆர்.பி. பரீட்சை எழுதிக் கிடைத்த அரசாங்க ஒப்பந்த வேலை. மாசம் 7,700 ரூபாய்! (என் ஆபீஸ் வாட்ச்மேனுக்கே அதைவிட ஜாஸ்தி.) ரெண்டு வருஷத்தில் நிரந்தரம் என்று பேச்சு.

"கவர்மென்ட்டுனா கவர்மென்ட்டுதான்" என்றார் அப்பா. எனக்குக் கணக்கு இடித்தது.

"சர்டிபிகேட்டக் குடுத்துட்டா அப்புறம் எப்பிடிண்ணே வெளிய வர்றது?" என்றாள் அவள். 7,700-க்கே சேர்ந்தாள்.

2017 நவம்பரில், நிரந்தரம் கேட்டு சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் நர்சுகள் உட்கார்ந்தார்கள். டி.வி.யில் மகள் தலை தெரிகிறதா என்று கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துத் தேடினார் அப்பா.