சிப்பாயாக இருந்து கடை போட்டவர்

ஏறாவூரில் எந்தச் சில்லறைக் கடையில் கேட்டாலும் ஷாம்பூ கிடைக்கும். அந்தச் சொல்லை இங்கிலாந்தில் பிரபலமாக்கியவர், கிழக்கிந்தியக் கம்பனிப் படையில் இருந்து விலகிக் கடை போட்டுப் பிழைத்த ஒரு பட்னாக்காரர். இது வாசகர்கள் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம்.

அவர் பெயர் ஷெய்க் தீன் முஹம்மத். 1759இல் பிறந்தவர். தகப்பனாரும் கம்பனிச் சிப்பாய்தான். மகனுக்குப் பத்துப் பதினொரு வயதிருக்கும்போது சண்டையொன்றில் கொல்லப்பட்டார். பிறகு பேக்கர் என்ற வெள்ளைக்கார அதிகாரியோடு ஒட்டிக்கொண்டு படையோடு போன சிறுவர், காலப்போக்கில் சுபேதார் வரை உயர்ந்தார். கம்பனிக்காகத் தம் நாட்டவரையே எதிர்த்து நின்றார் என்பதை மறைப்பதற்கில்லை.

1782இல் படையை விட்டார். 1784இல் பேக்கரோடு அயர்லாந்தின் கோர்க் நகருக்குப் போய், அங்கே ஜேன் டேலி என்ற பெண்ணை மணந்தார். அதற்காகக் கிறிஸ்தவ சபையில் சேர்ந்தார் என்பது நமக்கு மனத்தாங்கல்தான். ஆனாலும் முஹம்மத் என்ற பெயரை அவர் விடவில்லை. 1794இல் அவர் வெளியிட்ட பயண நூலே, இந்தியர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்ட முதல் புத்தகம்.

1810இல் இலண்டனில், போர்ட்மன் சதுக்கத்துக்கு அருகே ஹிந்துஸ்தான் கோப்பிக் கடையைத் திறந்தார். பெயர்தான் கோப்பிக் கடை. விற்றது நம் நாட்டுக் கறியும் சோறும். மூங்கில் நாற்காலிகள், ஹுக்கா புகைக்கத் தனி அறை என்று கையிலிருந்த முதலையெல்லாம் அதில் கொட்டினார். இந்தியாவில் உத்தியோகம் பார்த்துத் திரும்பிய துரைமாரை நம்பியே இவ்வளவும். அவர்களோ வீட்டிலேயே சமையற்காரர் வைத்திருந்தார்கள். கம்பனி வியாபாரிகள் கூடுவதற்கு நகருக்குள் வேறு கோப்பிக் கடை இருந்தது. சாப்பாடு ருசியாக இருந்தால் மட்டும் போதுமா? 1812இல் வங்குரோத்தானார்.

அப்போது அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. மறு வருடம், பெரிய வீடு எதிலாவது பணியாளர் வேலை வேண்டுமென்று பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். சுபேதாராக இருந்தவர்! 1990 ஆகஸ்டில் நூற்றுக்கு மேற்பட்டோரைப் பறிகொடுத்த நம் ஊரில், அதன் பிறகு ஒரு தராசோடு மறுபடி தொடங்கிய வியாபாரிகளுக்கு அந்த நிலைமையை விளக்கத் தேவையில்லை.

1814இல் கடற்கரை நகரான பிரைட்டனுக்குப் போனார். மூலிகை ஆவியில் வியர்க்க வைத்து, கம்பளித் துணிக் கூடாரத்துக்குள் கையை மட்டும் விட்டு உடம்பைப் பிடித்துவிடுவது அவர் தொழில். பிடித்துவிடு என்ற பொருளுள்ள ஹிந்திச் சொல்லே 'ஷாம்பூ' ஆயிற்று. தலைமுழுக்கு என்ற பொருள் பின்னால் வந்தது. சுகமானவர்கள் விட்டுப்போன ஊன்றுகோல்களைச் சுவரில் மாட்டி வைத்தார். நான்காம் ஜோர்ஜ் மன்னரும், பின்னர் நான்காம் வில்லியமும் அவருடைய வாடிக்கைக்காரர்கள். வியாபாரிக்கே உரிய மிகைப்படுத்தலும் இருந்தது: அனுபவம் கூடியவராகத் தெரிய, பிறந்த வருடத்தைப் பத்து வருடம் பின்தள்ளிச் சொல்லிக்கொண்டார்.

பங்காளியின் மரணத்துக்குப் பிறகு, 1841இல் அந்தக் குளியலகம் ஏலத்தில் போயிற்று. மீட்டெடுக்கக் கையில் பணமில்லை. சிறிய இடமொன்றில் தொழிலைத் தொடர்ந்தார். 1851 பெப்ரவரி 24இல் காலமானார். கல்லறையில் வயது 101 என்று பொறித்திருக்கிறார்கள்.

அவருடைய பேரன் பிரெடெரிக் அக்பர் முஹம்மத், இலண்டன் கைஸ் மருத்துவமனையின் வைத்தியர். இரத்த அழுத்தத்தைப் பற்றி முதன்முதலாக ஆராய்ந்தவர்களில் ஒருவரான அவர், 1884இல், முப்பத்தைந்து வயதில் இறந்துபோனார்.