நெல் இலைப் பரப்பின் நுண்ணமைப்பும் நனைதலும்: காவிரிப் படுகையை முன்வைத்து ஒரு விளக்கம்

திறவுச்சொற்கள்: நனைதல், தொடுகோணம், நுண்முகடுகள், நெல் இலை, ஒட்டும் திரவம், வளிப்படலம்

முன்னுரை

பட்டும் படாமலும் இருப்பதைத் 'தாமரை இலைத் தண்ணீர்' என்பது தமிழர் வழக்கு. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் பரந்து கிடக்கும் நெல்வயல்களிலும் இப்பண்பைக் காணலாம். நெல்லின் இலைமீது விழும் மழைத்துளி பரவாமல் முத்தாகத் திரண்டு உருண்டோடுகிறது. இப்பண்பு தெளிப்பு மருந்துக்குத் தடையாகவும், வெள்ளக்காலத்தில் பயிருக்குக் காப்பாகவும் அமைகிறது. இவ்விரு விளைவுகளுக்கும் அடிப்படையான இயற்பியலை இக்கட்டுரை விளக்குகிறது.

தொடுகோணமும் கரடுமுரடும்

திண்மப் பரப்பின்மீது நீர்த்துளியின் விளிம்பு அமைக்கும் கோணமே தொடுகோணம். இதற்கான சமநிலை விதியைத் தாமஸ் யங் 1805இல் வகுத்தார். கோணம் 90 பாகைக்குக் குறைந்தால் பரப்பு நீரை விரும்புவது; மிகுந்தால் வெறுப்பது. வழவழப்பான பரப்பில் வேதியியல் தன்மையால் மட்டும் எட்டக்கூடிய உச்சம் ஏறத்தாழ 120 பாகையே. அதற்கு மேற்பட்ட கோணத்திற்குப் பரப்பின் கரடுமுரடு இன்றியமையாதது.

கரடான பரப்பின் பள்ளங்களை நீர் நிரப்பும் நிலையை வென்சல் 1936இல் விளக்கினார். இந்நிலையில் கரடுமுரடு பரப்பின் இயல்பான போக்கை மிகைப்படுத்துகிறது. நனையும் பரப்பு மேலும் நனையும், நனையாத பரப்பு மேலும் நனையாது. பள்ளங்களில் காற்று சிக்கிக்கொள்ள, துளி முகடுகளின் மேல் மட்டும் அமரும் நிலையைக் கேசியும் பாக்ஸ்டரும் 1944இல் விளக்கினர்.

வழவழப்பான மெழுகில் 105 பாகையுள்ள துளியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். கரடுமுரடால் உண்மைப் பரப்பு ஒன்றரை மடங்கானால், வென்சல் சமன்பாட்டின்படி கோணம் 113 பாகையாகும். துளியின் அடிப்பரப்பில் பத்தில் ஒரு பங்கே திண்மத்தைத் தொட்டால், கேசி-பாக்ஸ்டர் சமன்பாட்டின்படி அது 158 பாகையாக உயரும்.

நெல் இலையின் தனித்தன்மை

தாமரை இலையின் நுண்முகடுகளையும் அவற்றின் தூய்மைகாக்கும் பண்பையும் பார்த்லாட், நைன்ஹுயிஸ் ஆகியோர் 1997இல் விரிவாக விளக்கினர். தாமரையில் முகடுகள் ஒழுங்கின்றிப் பரவியுள்ளன. நெல் இலையிலோ நீளவாக்கில் வரிசையாக நிற்கின்றன. இவ்வேறுபாட்டின் விளைவைச் சீன ஆய்வாளர் லெய் ஜியாங் குழுவினர் 2002இல் அளந்து காட்டினர். இலையின் நீளவாக்கில் துளி உருள 3 முதல் 5 பாகைச் சாய்வு போதும். குறுக்குவாக்கில் 9 முதல் 15 பாகை தேவை. எனவே துளி இலையின் நீளத்தை ஒட்டியே வழிந்தோடுகிறது.

தெளிப்பில் எழும் சிக்கல்

இப்பண்பால் தெளிக்கப்படும் கரைசலின் ஒரு பகுதி இலையில் தங்காமல் தெறித்து வயலில் விழுகிறது. வேப்பங்கொட்டைச் சாற்றுடன் காதி சோப்புக் கரைசலையும், பிற மருந்துகளுடன் ஒட்டும் திரவத்தையும் சேர்க்கும் வழக்கத்திற்கு இதுவே காரணம். நீரின் பரப்பு இழுவிசை 25 செல்சியசில் மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். இத்தகைய பொருள்கள் அதைப் பாதிக்கும் கீழாகக் குறைக்க வல்லவை. அப்போது கரைசல் முகடுகளுக்கிடையே புகுந்து காற்றை வெளியேற்றுகிறது. தொடுகோணம் 90 பாகைக்குக் கீழே இறங்கியபின், முன்பு நீரை விலக்கிய அதே கரடுமுரடு வென்சல் விதிப்படி பரவலுக்குத் துணைசெய்கிறது. அளவு மிகுந்தாலோ, கரைசல் மெல்லிய படலமாகி வழிந்து வீணாகிறது.

வெள்ளத்தில் வளிப்படலம்

வடகிழக்குப் பருவமழையில் சம்பாப் பயிர் மூழ்குவது படுகையில் அடிக்கடி நேர்வது. மூழ்கிய இலையின்மீது சிக்கிய காற்று வெள்ளிபோல் மின்னும் வளிப்படலமாக நிற்கிறது. நீரில் வளிகள் காற்றைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகவே ஊடுருவும் என்பதால், இலைக்கும் நீருக்கும் இடையே வளிப்பரிமாற்றத்தை எளிதாக்கும் இப்படலம் பயிருக்கு உயிர்நாடியாகிறது. பெடர்சன், ரிச், கோல்மர் ஆகியோர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், நனைப்பியைத் தடவிப் படலத்தை நீக்கியபோது மூழ்கிய நெல்லின் வேர்க்காற்றோட்டமும் வளர்ச்சியும் குன்றின. இலை மெழுகை உருவாக்கி இப்படலத்திற்கு வழிசெய்யும் எல்ஜிஎஃப்1 மரபணு 2018இல் அறிவிக்கப்பட்டது. இது நீட்சியை அடக்கி ஆற்றலைச் சேமிக்கும் சப்1 மரபணுவின் வழியினின்று வேறுபட்டது.

முடிவுரை

தெளிப்புக்குத் தடையாகும் காற்றும் வெள்ளத்தில் பயிரைக் காக்கும் காற்றும் ஒன்றே. ஆகவே ஒட்டும் திரவத்தின் திறனை மருந்து பரவும் அளவால் மட்டும் மதிப்பிடுவது போதாது. தெளிப்புக்குப்பின் இலை தன் நீர்விலக்குத் தன்மையை மீட்க எடுக்கும் காலத்தையும் சம்பா வயல்களிலேயே அளந்தறிய வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் தெளிப்புப் பரிந்துரைகளுக்கு அவ்வளவீடு அடிப்படையாக அமையும்.